புஷ்பவள்ளி காய்ச்சிய சம்சு

புஷ்பவள்ளி முதன்முதலாகச் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் காய்ச்சியபோது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அதுவரை அதை ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. அந்த வாடைக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் படுத்து எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மலேசியாவில், லிங்கியிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருபது வீடுகள். பெரும்பாலான வீடுகளில் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் இருந்தார்கள். மிச்சமிருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் ஒன்று இவளுடையது. களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் அவள் வேலை பார்த்தாள். கணவன் தங்கராஜு குலை அறுப்பவன். நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்துப் பிடித்து அவன் கழுத்தே சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தது. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்தால் நேரே சம்சு கடைதான். ஒரே மகள் விமலா பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவள், சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டையே அடைத்தார்கள். தோட்டத்தில் ஆள் குறைத்து வேலை நடந்தது. சம்சு கடையின் இரும்புக் கதவு மூடியது மூடியதுதான். முதல் இரண்டு நாள் தங்கராஜு எரிந்து விழுந்ததோடு சரி. மூன்றாம் நாள் அவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. நான்காம் நாள் சுவரெல்லாம் கட்டெறும்பு ஊர்கிறது என்று சொல்லித் துடைப்பத்தால் வெள்ளைச் சுவரை அடித்துக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் குளிக்கும் இடத்தில் விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. புஷ்பவள்ளி ஓடிப்போய்ப் பார்த்தபோது வாயோரம் ரத்தம். நாக்கைக் கடித்திருந்தான்.

தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தர்மராஜ் காரை எடுத்துக்கொண்டு வந்தார். நினைவு திரும்பியிருந்த தங்கராஜு கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். அங்க போனவன் எல்லாம் பையில கட்டித்தான் வர்றான்."

இழுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. தர்மராஜ் அவளை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"புஷ்பா, இத்தன வருசம் குடிச்சவன் ஒரேயடியா நிறுத்துனா செத்துருவான். எங்க சித்தப்பா அப்படித்தான் போனாரு. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துத்தான் கொறைக்கணும். என் வீட்ல அரை போத்தல் பிராந்தி கெடக்கு, தர்றேன். அதுக்கப்புறம் நீதான் வழி பாக்கணும்."

அந்த அரை போத்தலை அவள் இருமல் மருந்து மூடியில் அளந்து அளந்து கொடுத்தாள். முதல் மூடி உள்ளே போன கால் மணி நேரத்தில் எறும்புகள் சுவரை விட்டுப் போயின. அவன் கை அடங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் போத்தல் தீர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் அவள் மனதில் ஓடியது.

அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தாள். மூன்றாவது வீட்டுச் சன்னாசி தங்கராஜுவின் குடிக்கூட்டாளி, மனைவியை இழந்தவன், குலை ஏற்றும் லாரியில் வேலை. "இருந்தா நானே குடிச்சிருப்பேன்லா, அண்ணி" என்றான்.

அப்போதுதான் அவள் போனில் தேடினாள். ஒரு வெள்ளைக்காரன், தாடிக்காரன், தன் வீட்டுக் கார் கொட்டகையில் செம்புப் பானை வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவன் பேசியது அவளுக்குப் புரியவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தாள். எதை முதலில் போடுகிறான், எப்போது தீயைக் குறைக்கிறான், எதைக் கீழே கொட்டுகிறான் என்று பத்து முறையாவது பார்த்திருப்பாள். சமையல் தெரிந்தவளுக்குக் கை போகும் வழி போதும் என்று அவள் நினைத்தாள். அது பாதிதான் உண்மை.

சன்னாசி ஒரு காலத்தில் ஏர்கான் மாட்டுகிறவனிடம் வேலை பார்த்தவன். அவன் வீட்டில் ஒரு சுருள் செம்புக் குழாய் கிடந்தது. ஊற வைக்க, களைமருந்து வைக்கும் தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு நீல டிரம்மையும் உருட்டிக்கொண்டு வந்தான்.

"இதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"கழுவிட்டா போச்சு, அண்ணி."

"நான் பன்னெண்டு வருசமா இந்த மருந்தத்தான் அடிக்கிறேன். இது கழுவுனா போற சாமான் இல்ல. திருப்பிக் கொண்டு போ."

வீட்டில் அரிசி வைத்திருந்த வாளியைக் காலி செய்தாள். சீனி, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், அழுகப் பார்த்த இரண்டு அன்னாசி. மூன்றாம் நாள் வாளி தானாகப் பேச ஆரம்பித்தது. மூடிக்குள் குமிழ் உடையும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் சோறு வடித்தாள். வீட்டில் புளித்த பழ வாசமும் அதற்கடியில் இன்னொரு வாசமும் கிளம்பியது. இருபத்தாறு வருடம் அவன் சட்டையில் துவைத்த வாசம். தன் அடுப்பங்கரையில் அதைத் தானே உண்டாக்குகிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போய் வாளிமேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாள்.

முதல் தடவை காய்ச்சியது நாசமாகப் போனது. குக்கரில் கழுத்து வரை ஊற்றிவிட்டாள். வெயிட் போடும் இடத்தில் குழாயைச் சொருகி, சுற்றிலும் கோதுமை மாவைப் பிசைந்து அப்பியிருந்தாள். தீயைக் கூட்டியதும் நுரை பொங்கிக் குழாய் வழியே மஞ்சளாக வந்தது. பாத்திரத்தில் விழுந்தது நாள்பட்ட பழையசோறு மாதிரி புளித்தது. குழாயின் வாய் அடைத்து, குக்கர் உறும ஆரம்பித்தபோது அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். வெடிக்கவில்லை. வெகுநேரம் வாழைமரத்துக்குப் பின்னால் நின்றாள்.

இரண்டாம் முறை பாதி அளவே ஊற்றினாள். தீயைத் திரி போல வைத்தாள். குழாயின் சுருள் ஒரு வாளித் தண்ணீருக்குள் கிடந்தது, தண்ணீர் சூடாக ஆக மாற்றினாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய் நுனியில் ஒரு துளி உருண்டு நின்றது. கண்ணாடி மாதிரி இருந்தது. முதலில் விழுந்ததில் பெயிண்ட் கடை நெடி. தாடிக்காரன் அதைத்தான் கொட்டினான் என்பது ஞாபகம் வந்து அவளும் கொட்டினாள். அதன் பிறகு நிதானமாகச் சொட்டியது. மாவுப் பூச்சில் எங்கோ ஒரு கீறல் இருந்திருக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் பக்கத்தில் கைத்துணியைக் கொண்டுபோனாள். நீலமாக ஒரு நெருப்பு துணியைத் தாவிப் பிடித்து முழங்கை வரை ஏறியது. சத்தம்கூடப் போடவில்லை அவள். கையை வாளித் தண்ணீருக்குள் முக்கினாள். தோல் சுருங்கிய அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

கால் கிளாஸ் அளந்து, தண்ணீர் கலந்து தங்கராஜுவிடம் கொடுத்தாள். அவன் முகர்ந்து பார்த்தான். குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

"எங்க கத்துக்கிட்ட?"

"போன்ல."

அவன் தலையை ஆட்டினான்.

ஏப்ரல் முழுக்க அப்படிப் போனது. காலையில் ஒரு அளவு, வேலை விட்டு வந்ததும் ஒரு அளவு, படுக்கும் முன் ஒரு அளவு. வாரத்துக்கு வாரம் ஒரு கோடு குறைத்தாள். போத்தல்களை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். குழாய் கொடுத்ததற்காக ஒவ்வொரு முறையும் சன்னாசிக்கு ஒரு சின்னப் போத்தல் போனது. வேறு யார் கேட்டும் கொடுக்கவில்லை. தங்கராஜுவுக்குப் பசிக்க ஆரம்பித்தது. கன்னம் கொஞ்சம் தேறியது. அவன் தன் தட்டைத் தானே கழுவி வைத்ததை அவள் அந்த வருடம்தான் பார்த்தாள்.

ஆனால் அவளுக்குள்ளும் ஒன்று வளர்ந்தது. வேளை வந்ததும் அவன் மேசையில் வந்து உட்கார்ந்து சாவியைப் பார்ப்பான். இத்தனை வருடம் அவன் வரும் சத்தத்துக்கு அவள் ஒடுங்கியவள். இப்போது அவள் கைக்காக அவன் காத்திருந்தான். கிளாஸை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம் என்று அவளுக்கு ஒருநாள் தோன்றியது.

"விமலா கையை எதுக்கு ஒடச்சீங்க?"

"எப்ப?"

"பதினஞ்சு வயசுல. மம்பட்டிக் காம்பால."

"ஞாபகம் இல்ல, புள்ள."

"ஞாபகம் வந்ததும் சொல்லுங்க. தர்றேன்."

அவன் நெற்றியெல்லாம் வியர்த்தது. அரை மணி நேரம் கழித்து, "ஸ்கூல் விட்டு லேட்டா வந்துச்சு" என்றான். அவள் கிளாஸைத் தள்ளினாள். அதற்குப் பிறகு அடிக்கடி கேட்டாள். அவன் விற்றுக் குடித்த தன் கம்மலைப் பற்றி, இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போன அந்த மழைநாளைப் பற்றி. அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவளுக்கு ஆறவில்லை, இன்னும் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. "அந்த நேரம் நான் நல்ல பொம்பளையா இல்ல" என்று பின்னாளில் அவளே சொன்னாள்.

மே மாதக் கடைசியில் அவன் ஒரு நாளைக்கு இரண்டு மூடிக்கு வந்திருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் விமலா போன் செய்தாள். புஷ்பவள்ளி கை கழுவிக்கொண்டிருந்ததால் தங்கராஜு எடுத்தான்.

"விமலா, அப்பா பேசறேன்மா. சாப்ட்டியா?"

அந்தப் பக்கத்திலிருந்து "அம்மாகிட்ட குடுங்க" என்று மட்டும் வந்தது.

பேசி முடித்துவிட்டு அவள் திரும்பியபோது அவன் மேசையில் உட்கார்ந்திருந்தான். முகம் விழுந்திருந்தது.

"இன்னைக்கு ஒரு மூடி கூடக் குடு, புள்ள."

"அடிச்ச கைக்குக் கூட வேற குடுக்கணுமா? இன்னைக்கு உள்ளதும் கெடையாது."

அவன் கெஞ்சவில்லை. கத்தவுமில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். கத்தியிருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறாள் அவள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. சன்னாசியின் மோட்டார் சைக்கிளில் ஏறி, தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் புகுந்து சுவா என்கிற ஊர்ப் பக்கம் போனான். அங்கே ஒருத்தன் மினரல் வாட்டர் போத்தலில் வைத்து விற்றான். பெயர் ஒட்டாத போத்தல். மோட்டார் ஓட்ட வேண்டுமே என்று சன்னாசி இரண்டு வாய் குடித்ததோடு நிறுத்தினான். தங்கராஜு போத்தலை முடித்தான். சாயந்தரம் தள்ளாடிக்கொண்டு வந்து விழுந்தவனைத் தாண்டிப் போய்ப் புஷ்பவள்ளி அடுப்பைப் பற்றவைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் தலை பிளக்கிறது என்று அவன் எழுந்தான்.

"நீ காய்ச்சுனதுல கொஞ்சம் குடு, புள்ள. நேத்து குடிச்சது ஒத்துக்கல. வயிறு என்னமோ பண்ணுது."

அவள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு போத்தல் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், அவன் பார்க்கப் பார்க்கச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ரெண்டு மாசம் கையைச் சுட்டுக்கிட்டுக் காய்ச்சுனேன். இனிமே உங்களுக்கும் எனக்கும் இதுல பேச்சே இல்ல."

அன்று அவள் மருந்தடிக்கப் போய்விட்டாள். மத்தியானம் திரும்பியபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்கு பார்த்தாலும் புகைமூட்டமாக இருக்கிறது என்றான். இதுவும் கேட்டு வாங்குவதற்கான நடிப்பு என்று நினைத்து அவள் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தாள். அவன் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை வாந்தி எடுத்தான். ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது. ஜன்னல் வழியே வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, "லைட்டப் போடு, புள்ள" என்றான்.

இந்த முறை கதவு நிலையைப் பிடிக்க அவன் கைக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தர்மராஜின் காரில் படுக்க வைத்துக்கொண்டு போனார்கள்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு தமிழ் டாக்டர் பெண், விமலா வயதுதான் இருக்கும். முகத்தில் முகமூடி, அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு.

"ஆண்ட்டி, எதையும் மறைக்காதீங்க. அங்கிள் என்ன குடிச்சாரு?"

புஷ்பவள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, அன்னாசி, குக்கர், புதன்கிழமை சன்னாசியோடு வெளியே போய்க் குடித்தது. போலீஸில் பிடித்துக்கொடுத்தாலும் பரவாயில்லை என்றுதான் சொன்னாள். "நான் காய்ச்சுனதுதான் கண்ணைக் கெடுத்திருக்கணும்" என்றாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்.

"உங்களோடது இல்ல, ஆண்ட்டி. இது மெத்தனால். ஃபேக்டரியில தின்னர் மாதிரி யூஸ் பண்ற சாமான். சீனியும் பழமும் போட்டுக் காய்ச்சுனா இவ்ளோ வராது. எவனோ அதைப் போத்தல்ல ஊத்தி வித்திருக்கான். வேற ரெண்டு பேரும் வந்திருக்காங்க."

அவளுக்கு உடம்பு லேசானது. அப்படியே சுவரில் சாய்ந்தாள். டாக்டர் தொடர்ந்தார். அவளைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

"இப்ப அவருக்கு நாங்க டியூப் வழியா ஏத்தறதே சாராயம்தான், தெரியுமா? நல்ல சாராயம் உள்ள போனா உடம்பு அதைத்தான் முதல்ல கவனிக்கும். மெத்தனாலைத் தொடாது. அதுக்குள்ள நாங்க ரத்தத்தைக் கழுவி அதை வெளிய எடுத்துருவோம். அந்தச் சன்னாசின்னு ஒருத்தரையும் வரச் சொல்லிப் பாத்தோம். அவரு புதன்கிழமை சாயந்தரமும் மறுநாளும் நீங்க முன்னாடி குடுத்து வெச்சிருந்த உங்களோடதைக் குடிச்சிருக்காரு. கொஞ்சமாத்தான் வெஷம் போயிருக்கு, அதுவும் வேலை செய்யல. ஆனா வீட்ல வெச்சு இந்த வைத்தியம் எல்லாம் யாரும் பாக்கக் கூடாது."

புஷ்பவள்ளி கேட்டாள். "டாக்டர், நேத்து காலையில இவருக்கும் அதைக் குடுத்திருந்தா?"

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அப்படிச் சொல்ல முடியாது, ஆண்ட்டி."

"டைம் கெடைச்சிருக்குமா?"

"கெடைச்சிருக்கும்" என்றார் டாக்டர், மெதுவாக. "நேத்தே இங்க வந்திருந்தாலும் கெடைச்சிருக்கும்."

தங்கராஜு பிழைத்துக்கொண்டான். பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். பார்வை வரவில்லை, வராது என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் வந்து விசாரித்தது. சுவாவில் விற்றவன் வீடு பூட்டிக் கிடந்தது, அவனைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. குக்கரையும் குழாயையும் அவளே எடுத்து முன்னால் வைத்தாள். வயதான மலாய்ப் போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு, இனிமேல் செய்யாதே அக்கா என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். சன்னாசி அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசல் பக்கம் வரவில்லை. எதிரில் வந்தால் மோட்டாரை வேறு பாதையில் திருப்பினான்.

வேலை செய்ய முடியாதவனுக்குத் தோட்டத்து வீடு கிடையாது. விமலா போனில் சொன்னாள்.

"நீங்க மட்டும் வாங்கம்மா. ரூம் இருக்கு. அவரு வேணாம்."

"எப்படி விட்டுட்டு வர்றது?"

"அவரு நம்மள எத்தன தடவ விட்டாரு?"

சரியான கேள்விதான். ஆனால் அவள் போகவில்லை. விமலாவுக்கு அதற்கான உண்மைக் காரணத்தை அவள் இன்றுவரை சொன்னதில்லை. பாசம் என்று விமலா நினைத்துக்கொண்டு கோபப்படுகிறாள்.

லிங்கியில், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில், ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். புஷ்பவள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவவும் மீன் சுத்தம் பண்ணவும் போனாள். காலையில் அவனுக்குத் தேத்தண்ணி கலக்கி, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவன் பேச்சு குறைந்துவிட்டது. ரேடியோவைக்கூட வைக்க வேண்டாம் என்றான். அவனுக்குக் குடிக்கத் தோன்றுகிறதா என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

சாக்கடையில் கவிழ்த்த அந்த இரண்டு போத்தலை ஒரு வருடத்துக்கு மேல் மனதில் சுமந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள். கையில் கத்தியை வைத்துக்கொண்டு சொன்னது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். சன்னாசி தப்பித்தது எப்படி என்பதையும் சொன்னாள்.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவன் அசையாமல் இருந்தான்.

"அன்னைக்கு ரெண்டு போத்தல் இருந்துச்சா?"

"ஆமா."

"நான் ஒண்ணுன்னு நெனச்சேன்."

அவள் காத்திருந்தாள். அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கத்தியைக் கீழே வைத்தாள். அவன் கையைத் தூக்கவில்லை.

"அது நல்ல சரக்கு, புள்ள" என்றான் கடைசியில். "கடையில விக்கறதவிட நல்லா இருந்துச்சு. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

மிச்ச முகத்தையும் மழித்துவிடச் சொன்னான். அன்று அவன் சாப்பிடவில்லை. அதற்கடுத்து நாலைந்து நாள் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வைத்த தேத்தண்ணி வைத்தபடி ஆறிக் கிடந்தது. ஆறாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது தம்ளர் காலியாக இருந்தது. மறுபடி பேசத் தொடங்கியபோது பேச்சு அதைப் பற்றியதாக இல்லை. கூரையில் பூனை ஏறுகிறது, பின்கதவை ஒழுங்காகச் சாத்து என்றான்.

மன்னித்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியாது. தான் மன்னித்தோமா என்பதும் தெரியாது. கம்மலும் மம்பட்டிக் காம்பும் மழைநாளும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. தீபாவளிக்கு விமலா வருவாள். அம்மாவோடு முன்வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போகாமலே கிளம்பிவிடுவாள். அவள் காரின் சத்தம் தேய்கிறவரை தங்கராஜு உள்ளே நின்றபடி இருப்பான்.

கடை விடுமுறை நாட்களில் புஷ்பவள்ளி அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே இறால் பிடிக்கும் படகுகள் கட்டியிருக்கும். இருவரும் பலகையில் உட்காருவார்கள். எந்தப் படகின் இன்ஜின் இருமுகிறது, யாருடையது தண்ணீர் குடித்திருக்கிறது என்று அவன் சத்தத்தை வைத்தே சொல்வான். படகுக்காரர்கள் சிரித்துக்கொண்டு, சில சமயம் அவன் சொன்ன இடத்தைக் கழற்றியும் பார்ப்பார்கள். வெயில் ஏறியதும் அவள் எழுந்து தோளை நீட்டுவாள். அவன் கையை வைத்துக்கொள்வான். கம்பத்துப் பாதை குண்டும் குழியுமானது என்பதால் மெதுவாகத்தான் நடப்பார்கள்.